மருந்தின் ஆயுள்

முன்னேஸ்வரத்துத் திருவிழாக் காலத்தில் கோயில் வீதியிலே கற்பூரம் விற்பவர் தம் பொதிகளை இறுகக் கட்டியே வைத்திருப்பார். வாங்குபவர் கேட்டால் ஒரு பொதியை எடுத்துக் கொடுப்பாரேயன்றி, கற்பூரக் கட்டிகளைத் தட்டில் பரப்பிக் காட்டமாட்டார். திறந்து வைத்த கற்பூரம் எரியாமலே கரைந்துபோம் என்பது அவருக்குத் தெரியும். இரசாயன நூல் எதனையும் அவர் கற்றதில்லை. பொருள் நட்டமே அவருக்கு ஆசிரியர்.

அதே வீதியில், நெஞ்சுநோயுள்ள முதியவர் ஒருவர் பேரப்பிள்ளையின் கையைப் பற்றிக்கொண்டு நடந்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய சட்டைப்பையில் ஒரு கடதாசி மடிப்பு இருக்கிறது. அதனுள்ளே நாவின் கீழ் வைத்துக் கரைக்கும் சின்னஞ்சிறு குளிசைகள் நான்கு. வைத்தியசாலையில் அவை சிறு கண்ணாடிப் போத்தலில் அவருக்குக் கொடுக்கப்பட்டன. போத்தல் பைக்குள் உறுத்துகிறது என்று கருதி, நான்கை மட்டும் கடதாசியில் மடித்து எடுத்து வந்தார். அம்மருந்தின் பெயர் கிளிசரைல் திரைநைத்திரேற்று. வைத்தியசாலைகளில் அதனை ஜீ.ரீ.என். என்று சுருக்கி அழைப்பர். கற்பூரத்தைப் போலவே அதுவும் ஆவியாகும் இயல்புடையது. கடதாசியும் பஞ்சும் பிளாஸ்டிக்கும் அந்த ஆவியை உறிஞ்சிக்கொள்ளும். சில கிழமைகள் அந்த மடிப்பிலே கிடந்த குளிசை, பார்வைக்குப் பழைய குளிசையே. நிறம் மாறவில்லை; வடிவம் மாறவில்லை; மணம் ஏதுமில்லை. நெஞ்சு இறுகி, வியர்த்து, முதியவர் அதனை நாவின் கீழ் வைக்கும்போதுதான் உள்ளே இருக்கவேண்டியது இல்லை என்பது தெரியவரும்.

பால் திரிந்தால் கண் சொல்லும். மீன் கெட்டால் மூக்குச் சொல்லும். மருந்து பெரும்பாலும் ஒன்றும் சொல்வதில்லை. சொல்லாத அதனைச் சொல்லவைப்பதற்கென்றே ஆய்வுகூடங்களில் ஒரு காரியம் நடைபெறுகின்றது. நல்ல மருந்தை எடுத்து, வேண்டுமென்றே அதனைக் கெடுத்துப் பார்க்கிறார்கள். அமிலத்தில் இடுகிறார்கள், வெப்பத்தில் வாட்டுகிறார்கள், ஒளியில் நிறுத்துகிறார்கள். குளிசை அட்டையின் ஓரத்தில் பொறித்திருக்கும் முடிவுத் திகதிக்குப் பின்னால் இந்த வன்சோதனை நிற்கின்றது. அத்திகதி எங்கிருந்து வருகிறது, முன்னேஸ்வரம் போன்ற ஈரக்காற்று வீசும் ஊரில் அது எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

மருந்துக்கு ஆயுள் உண்டு என்பது நம்மவர்க்குப் புதிய செய்தி அன்று. சித்த வைத்திய நூல்கள் மருந்தின் வகைக்கேற்ப அதன் ஆயுளை வகுத்திருக்கின்றன. சாறும் குடிநீரும் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம், சூரணம் 3 மாதம், நெய்யும் இளகமும் 6 மாதம், எண்ணெய் ஓராண்டு, பற்பம் 100 ஆண்டு. இந்த வரிசையைச் சற்று நிதானித்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். நீர் மிகுந்த மருந்து முதலில் சாகின்றது. நீர் குறையக் குறைய ஆயுள் நீளுகின்றது. புடமிட்டு நீரையும் மற்றவற்றையும் போக்கிய பற்பமோ மனிதனிலும் நீண்டகாலம் வாழ்கின்றது. மருந்துக்கு முதற்பகை நீர் என்பதை இரசாயனச் சாலையின் உதவியின்றியே அவர்கள் கண்டிருந்தனர்.

ஆயினும் ஒரு கேள்வி எழும். குடிநீர் 3 மணி நேரத்தில் கெடுவதை இருந்து பார்க்கலாம். 100 ஆண்டை இருந்து பார்த்தவர் யார்? கேட்கத்தக்க கேள்விதான். இன்று புதிய மருந்தொன்றைச் செய்பவருக்கும் இதே இடர்ப்பாடு உண்டு. 2 ஆண்டு, 3 ஆண்டு நிற்கும் என்று அட்டையில் அச்சிடவேண்டும். ஆனால் நோயாளி அதுவரை காத்திருக்கமாட்டார். காலத்தைச் சுருக்க ஒரு வழி வேண்டும்.

நீர் எவ்வாறு மருந்தைக் கெடுக்கின்றது என்பதற்கு ஆஸ்பிரினைவிட எளிய உதாரணம் இல்லை. ஈரம்பட்ட ஆஸ்பிரின் போத்தலைத் திறந்து முகர்ந்தால் வினாகிரி மணம் வீசும். அது கற்பனையன்று, வினாகிரியின் புளிப்புக்குக் காரணமான அசற்றிக் அமிலமே அங்கே பிறந்திருக்கின்றது. ஆஸ்பிரினின் மூலக்கூறு, சலிசிலிக் அமிலமும் அசற்றிக் அமிலப் பகுதியும் பிணைந்த ஓர் இரட்டை. நீர் இடையிலே புகுந்து அப்பிணைப்பை அறுத்துவிடுகின்றது. இதற்கு நீர்ப்பகுப்பு என்று பெயர். மணம் எழுப்பித் தன் கேட்டைத் தானே அறிவிக்கும் மருந்துகள் மிகச் சில. அந்த வகையில் ஆஸ்பிரின் நேர்மையான மருந்து எனலாம்.

வன்சோதனையின் பழைய உதாரணம் ஒன்று குயினைனோடு தொடர்புடையது. 1853ஆம் ஆண்டிலே பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் அமிலம் சேர்ந்த குயினைனை வெப்பப்படுத்தினார். அது வேறொரு பொருளாக மாறியது. பிற்காலத்தில் குயினோட்டொக்சின் என வழங்கிய பொருள் அது. கெடுத்துப் பெற்ற அப்பொருள் வீண்போகவில்லை. 1918இல் ஜேர்மன் அறிஞர் பவுல் ராபே அதனை மீண்டும் குயினைனாக்கும் வழியை வெளியிட்டார். ஒரு மருந்து எந்த இடத்தில் முறிகின்றது என்று தெரிந்தால் அது எவ்வாறு கட்டப்பட்டது என்பதும் தெரியவரும். வீடு இடிப்பவனுக்கு மேசன் வேலையின் இரகசியம் பாதி தெரிந்துவிடும் என்பது போன்றது இது.

குயினைன் என்ற சொல் இந்தக் கடற்கரைக்குப் பழக்கமான சொல். 1934ஆம் ஆண்டில் மழை பொய்த்தபோது, முன்னேஸ்வரத்துத் தீர்த்தம் நடைபெறும் தெதுறு ஓயா குட்டை குட்டையாக வற்றியது. தேங்கிய நீரில் நுளம்பு பெருகியது. அவ்வாண்டின் இறுதியிலும் 1935இலும் மலேரியா தீவின் ஒரு பெரும்பகுதியை வாரிக்கொண்டது. சிலாபம், குருணாகல், கேகாலைப் பகுதிகள் மிகவும் தாக்குண்டன. மாண்டவர்கள் ஏறத்தாழ 80,000 பேர். வீடுதோறும் அன்று தேடப்பட்ட மருந்து குயினைனே. கசப்பு அதன் அடையாளம். ஆனால் கசப்பு இருப்பதனால் வீரியமும் முழுமையாக இருக்கின்றது என்று கொள்ள முடியாது. குயினைன் வெளிச்சம்பட்டு நிறம் கறுக்கும் இயல்புடையது. ஆதலால்தான் ஒளிபுகாத போத்தலில் வைக்கும்படி மருந்துநூல்கள் விதிக்கின்றன. மலேரியா அற்ற நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2016 செப்ரெம்பரில் அறிவித்தது. அந்தப் பழைய கசப்பை இன்றைய பிள்ளைகள் அறியார்.

இனி, இன்றைய ஆய்வுகூடத்துக்குள் நுழைவோம். சோதிக்கவேண்டிய மருந்தின் தூய பொருளைச் சிறிய கண்ணாடிக் குப்பிகளில் பங்கிடுகின்றனர். ஒரு குப்பியில் நீர்த்த ஐதரோகுளோரிக் அமிலம் சேர்க்கப்படும். நம் இரைப்பையில் ஊறுவதும் இதே அமிலந்தான். மற்றொன்றில் காரமாகிய சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசல். மூன்றாவதில் நூற்றுக்கு 3 பங்கு வலிமையுள்ள ஐதரசன் பேரொட்சைட்டு. காற்றிலுள்ள ஒட்சிசன் மெல்ல மெல்லச் செய்யும் கேட்டை அது விரைந்து செய்துகாட்டும். வேறொரு பங்கு உலர்ந்த நிலையிலே 60 பாகை வெப்பத்தில் வாட்டப்படும். இன்னொரு பங்கு ஈரம் நிறைந்த பெட்டிக்குள் வைக்கப்படும். ஒரு பங்கு விளக்கொளியின் கீழே பரப்பப்படும். அவ்வொளியின் மொத்த அளவு 12 இலட்சம் லக்ஸ்-மணிக்குக் குறையலாகாது என்பது 1996இல் வகுக்கப்பட்ட சர்வதேச விதி. 500 லக்ஸ் வெளிச்சமுள்ள அறையில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்று கணக்கிட்டால், அது 300 நாள் வெளிச்சத்துக்குச் சமம். இவற்றோடு ஒரு குப்பி மாத்திரம் ஒன்றும் சேர்க்கப்படாமல், இருளிலும் குளிரிலும் ஒதுக்கி வைக்கப்படும். அது சாட்சி. மற்றவை என்னவாயின என்பதை அதனோடு ஒப்பிட்டே சொல்லவேண்டும்.

முன்னேஸ்வரம் இராமரோடு தொடர்புபடுத்தப்படும் தலம். இராவண வதத்தின் பின்னர் இராமர் இங்கே சிவனை வழிபட்டுப் பழி நீங்கினார் என்பது தலக்கதை. அக்கதையை நினைப்பவர்க்குச் சீதையின் தீக்குளிப்பும் நினைவில் எழுதல் கூடும். மருந்துக்குச் செய்யும் இதுவும் ஒரு தீக்குளிப்பே. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சீதை தீண்டப்படாமல் வெளிவந்தாள். மருந்து அவ்வாறு வெளிவந்தால் சோதனை செய்பவர் மகிழமாட்டார். அமிலத்தின் வலிமையைக் கூட்டுவார், வெப்பத்தை ஏற்றுவார். அவருக்கு மருந்து ஓரளவு கெட்டே ஆகவேண்டும். நூற்றுக்கு 5 முதல் 20 பங்கு வரை கெட்டால் அவருக்குப் போதுமானது. அதற்குமேல் சிதைத்தால், சிதைந்த துண்டுகள் மேலும் சிதைந்து, வீட்டு அலுமாரியில் ஒருபோதும் தோன்றாத பொருள்களையெல்லாம் தோற்றுவித்து ஆளை மயக்கிவிடும். குற்றவாளியை அளவுக்கு மீறி அடித்தால் செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொள்வான் அன்றோ?

கெட்டதைக் கண்டுபிடிப்பது எப்படி? குப்பியிலுள்ள கரைசலில் மருந்தும் அதன் சிதைவுகளும் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரிப்பதற்கு நிறப்பகுப்பு என்னும் முறையைக் கையாளுகின்றனர். திருவிழாக் கூட்டம் கடைகள் நிறைந்த ஒடுங்கிய தெரு வழியாகச் செல்வதை நேயர்கள் மனக்கண்ணில் காணலாம். எல்லாரும் ஒரே நேரத்தில்தான் தெருவுக்குள் நுழைந்தார்கள். வளையற்கடையிலும் மிட்டாய்க்கடையிலும் நின்று நின்று வருபவர் பின்தங்குகிறார். எதையும் பாராமல் நடப்பவர் முதலில் கோயிலை அடைகிறார். நுண்ணிய துகள் நிரப்பிய மெல்லிய குழாயே அந்தத் தெரு. கரைசலை அதனுள்ளே அழுத்தித் தள்ளும்போது, துகளோடு ஒட்டும் இயல்புள்ள பொருள் தாமதமாகவும் மற்றது விரைவாகவும் வெளிவரும். வெளிவரும் ஒவ்வொன்றும் கருவியின் வரைபடத்தில் ஒரு முகடாகப் பதியும். பிறகு கணக்குப் பார்க்கவேண்டும். குறைந்த மருந்தின் அளவும் புதிதாய்த் தோன்றிய பொருள்களின் அளவும் ஏறக்குறைய ஒத்துவரவேண்டும். ஒத்துவராவிடின், ஏதோ ஒன்று கண்ணில் படாமல் தப்பிவிட்டது என்பது பொருள். பெட்டகத்தில் பணம் குறைந்து செலவுப் புத்தகத்தில் வரவில்லையென்றால் கடை முதலாளி உறங்குவாரா? அதே மனநிலைதான் இங்கும் வேண்டும்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். கெட்ட மருந்து வேலை செய்யாது, அவ்வளவுதானே என்பது பலருடைய எண்ணம். அது பாதி உண்மை. 1963ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்திய ஏடொன்றில் ஒரு செய்தி வெளிவந்தது. பழுதடைந்த தெத்திராசைக்கிளின் உட்கொண்ட நோயாளர் சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. உடல் வைத்துக்கொள்ளவேண்டிய சத்துகள் சிறுநீரோடு வெளியேறின. மருந்தை நிறுத்தியபின் அவர்கள் தேறினர். வெப்பமும் ஈரமும், கூட்டுக்குளிசைக்குள் துணைப்பொருளாகச் சேர்த்திருந்த சித்திரிக் அமிலமும் ஒன்றுசேர்ந்து நல்ல மருந்தை நச்சுப்பொருளாக மாற்றியிருந்தன. இங்கே கெட்டது வெறும் இழப்பன்று. காப்பாற்ற வந்ததே கடித்துவிட்டது.

அண்மைக்கால உதாரணம் இன்னும் சிந்தனைக்குரியது. ரனிற்றிடின் என்னும் மருந்தை அறியாத வீடு நம் நாட்டில் குறைவு. வயிற்றெரிவுக்கு அதனை விழுங்காதவர் யார்? 1981இல் விற்பனைக்கு வந்து, உலகிலேயே மிகுதியாக விற்கும் மருந்தெனப் புகழ்பெற்றது. 2019 செப்ரெம்பரில் அதனுள்ளே என்.டி.எம்.ஏ. என்னும் பொருள் காணப்படுகின்றதென அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் அறிவித்தது. மனிதரில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியதெனக் கருதப்படும் பொருள் அது. தொழிற்சாலையின் அழுக்கு என்றே முதலில் பலர் நினைத்தனர். ஆராய்ந்தபோது வேறு செய்தி தெரிந்தது. அப்பொருள் தோன்றுவதற்கு வேண்டிய இரு பகுதிகளும் ரனிற்றிடினின் மூலக்கூறிலேயே இருந்தன. குளிசை பெட்டியில் இருக்க இருக்க, சாதாரண அறை வெப்பத்துக்கு மேலே செல்லச் செல்ல, அந்நச்சுப்பொருள் வளர்ந்தது. 2020 ஏப்ரில் 1ஆந் திகதி அம்மருந்தை முற்றாக விலக்குமாறு அங்கே கேட்டுக்கொள்ளப்பட்டது. ஏறக்குறைய 40 ஆண்டு விற்ற மருந்து! அதனை முதலில் சோதித்தவர்கள் மூடர்களல்லர். அவர்கள் தேடிய முகடுகளுக்குள் அந்த ஒரு முகடு இல்லை. இருந்த கருவிகளும் அத்துணை சிறிய அளவைக் காண ஏற்றவையல்ல. வலைக்கண்ணின் அளவைப் பொறுத்தே மீன் அகப்படும் என்பது சிலாபத்து மீனவர்க்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

எவ்வாறு கெடும் என்பது தெரிந்தபின், எத்தனை நாளில் கெடும் என்பது அடுத்த கேள்வி. இங்கே சுவீடன் நாட்டு அறிஞர் அரேனியஸ் துணைக்கு வருகிறார். கரும்புச் சர்க்கரை அமிலத்தில் சிதைவதை ஆராய்ந்து, வெப்பம் ஏற ஏறத் தாக்கத்தின் வேகம் எவ்வாறு ஏறும் என்பதற்கு ஒரு சமன்பாட்டை அவர் 1889இல் வழங்கினார். பருமட்டாகச் சொன்னால், வெப்பம் 10 பாகை கூடினால் வேகம் இரண்டு மடங்காகும். சில தாக்கங்களில் மூன்று, நான்கு மடங்கும் ஆகும். ஆகையால் 40 பாகை வெப்பத்திலும் 75 விழுக்காடு ஈரலிப்பிலும் 6 மாதம் வைத்துப் பார்த்து, நன்றாக நின்றால் தற்காலிகமாக 2 ஆண்டு ஆயுள் கொடுக்கும் வழக்கம் ஏற்பட்டது. காலத்தைச் சுருக்கும் வழி இதுவே. அத்தோடு விட்டுவிடுவதில்லை, இயல்பான வெப்பத்திலும் பல ஆண்டு வைத்து, இடையிடையே எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பல மருந்துகளுக்கு, குறித்த அளவில் நூற்றுக்கு 90 பங்குக்குக் குறைந்துவிட்டால் ஆயுள் முடிந்தது என்பது கணக்கு.

இயல்பான வெப்பம் என்றதும் ஒரு வினா எழவேண்டும். எந்த ஊரின் இயல்பு? 1990இல் ஐரோப்பா, யப்பான், அமெரிக்கா ஆகிய மூன்று பகுதியினரும் கூடி மருந்துச் சோதனைக்குப் பொதுவிதிகளை வகுக்கத் தொடங்கினர். அவர்கள் நெடுங்காலச் சோதனைக்குக் குறித்தது 25 பாகை வெப்பமும் 60 விழுக்காடு ஈரலிப்புமாகும். இலண்டனுக்கும் தோக்கியோவுக்கும் அது பொருத்தமே. முன்னேஸ்வரத்திலோ ஆண்டுச் சராசரி வெப்பமே 27, 28 பாகையை ஒட்டியது. 25 பாகையில் 24 மாதம் நிற்கும் மருந்தொன்றின் சிதைவு 10 பாகைக்கு இரு மடங்காகும் வகையினது என்று கொண்டால், 30 பாகையில் அது ஏறக்குறைய 17 மாதமே நிற்கும். மும்மடங்கு வகையாயின் 14 மாதத்துக்குள் முடிந்துவிடும். சராசரியும் முழு உண்மையைச் சொல்லாது. தகரக் கூரையின் கீழே நண்பகலில் மருந்து இழந்ததை, குளிர்ந்த இரவு திருப்பித் தருவதில்லை.

உலகை நான்கு தட்பவெப்ப வலயங்களாகப் பிரிக்கும் எண்ணம் 1972இல் முன்வைக்கப்பட்டது. நான்காவது, வெப்ப நாடுகளின் வலயம். ஆனால் பாலைநிலத்தை அடுத்த வெப்பமும் கடலை அடுத்த வெப்பமும் ஒன்றாகுமா? தென்கிழக்காசிய நாடுகள் தங்களுக்கு 30 பாகையும் 75 விழுக்காடும் வேண்டுமென்று வற்புறுத்தின. 2005இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு நான்காம் வலயத்தை இரண்டாகப் பிரித்தது. 30 பாகையும் 65 விழுக்காடும் ஒன்று; 30 பாகையும் 75 விழுக்காடும் மற்றொன்று. சோதனைகளுள் கடுமையானது இந்த இரண்டாவதே. தென்னையும் உப்பளமும் நிறைந்த இக்கடற்கரையின் காற்றுக்குப் பொருந்துவதும் அதுவே.

75 என்ற அந்த எண் புத்தளம் மாவட்டத்தாருக்கு அந்நியமானதன்று. அவர்கள் அதனைத் தங்கள் அடுக்களையிலேயே வைத்திருக்கிறார்கள். ஒரு மூடிய பாத்திரத்தில் நீரை ஊற்றி, கரையாமல் அடியில் தங்கும்வரை சாதாரண உப்பைப் போட்டு வைத்தால், அந்நீரின் மேலுள்ள காற்றின் ஈரலிப்பு ஏறக்குறைய 75 விழுக்காட்டிலே நிற்கும். 25 பாகையிலும் அப்படியே. 40 பாகையிலும் பெரும்பாலும் அப்படியே. விலையுயர்ந்த பெட்டிகள் இல்லாத ஆய்வுகூடங்களில் மருந்தை ஈரத்தில் வைத்துச் சோதிக்கும் வழி இதுவே: அடியில் உப்புக்கரைசல், மேலே தட்டில் குளிசை, சுற்றிலும் மூடி. இதனை மறுதலையாகவும் கொள்ளலாம். வெளிக்காற்றின் ஈரலிப்பு 75ஐத் தாண்டியதும் தூய உப்பு நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். அடுக்களை உப்புச் சாடி நசநசத்தால், அன்றைய காற்று மருந்துச் சோதனைப் பெட்டியின் எல்லையைக் கடந்துவிட்டது என்பது பொருள். அளத்து உப்பில் மக்னீசியம் உப்பும் கலந்திருப்பின் அது இன்னும் முந்திக் கசியும். ஆகவே இது நுட்பமான அளவுகோல் அன்று. ஆயினும் மழைக்காலத்தில் உப்புக் கசியும் அதே அலுமாரியில், கடதாசி உறையில் இட்ட குளிசையும் இருக்கின்றது என்பதை மறுக்க முடியாது.

அட்டையிலுள்ள திகதி குளிசைக்கு மட்டும் கொடுக்கப்பட்டதன்று என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். சோதனைப் பெட்டிக்குள் சென்றது கூடின்றித் தனியே நின்ற குளிசையன்று. அலுமினியத் தாளுக்குள்ளும், இறுக மூடிய போத்தலுக்குள்ளும், ஈரமுறிஞ்சும் சிறு பொட்டலத்தோடும் சென்ற குளிசை அது. திகதி அந்த முழுமைக்கும் உரியது. உறையைக் கிழித்து வேறொன்றில் இட்ட கணத்திலே, அச்சிட்ட திகதிக்கும் அந்தக் குளிசைக்குமுள்ள உறவு அற்றுப்போகின்றது. அரசாங்க வைத்தியசாலைகளில் குளிசைகளை எண்ணிக் கடதாசி உறையில் இட்டுக் கொடுப்பது நெடுங்கால வழக்கம். கூட்டம் பெரிது; செலவும் சிறிதன்று. இரண்டு கிழமைக்குக் கொடுத்ததை இரண்டு கிழமைக்குள் உண்டுவிட்டால் பெரும்பாலான குளிசைகளுக்குத் தீங்கு நேராது. மிஞ்சியதைச் சேர்த்துவைத்து, அடுத்த ஆண்டு அயல்வீட்டுக்காரருக்குக் கொடுப்பதிலேதான் இடர் இருக்கின்றது.

குழந்தைகளுக்குக் கொடுக்கும் அமொக்சிசிலின் பாணி போத்தலில் தூளாகவே வருவதைத் தாய்மார் அறிவர். ஆறிய கொதிநீரைக் கோடுவரை ஊற்றிக் குலுக்கவேண்டும். ஏன் முன்னரே கரைத்து விற்பதில்லை? பென்சிலின் குடும்பத்து மருந்துகளின் மூலக்கூறில் நான்கு அணுக்கள் கொண்ட ஒரு சிறு வளையம் உண்டு. வளைத்துக் கட்டிய கூட்டுக் கம்பைப் போல அது இறுக்கத்தில் நிற்கின்றது. நீர் பட்டால் தெறித்து அறும், அறுந்தால் மருந்தில்லை. தூளாக நின்றால் ஆண்டுக்கணக்கு; கரைத்தால், போத்தலில் குறித்தபடி, 7 நாளோ 14 நாளோதான். குடிநீருக்கு ஒரு சாமம், சூரணத்துக்கு 3 மாதம் என்ற பழைய வரிசை இங்கே வேறு எண்களோடு திரும்பி வருகின்றது.

நம் நாட்டில் இக்காரியங்களைக் கவனிக்கும் அமைப்புகள் படிப்படியாக ஏற்பட்டவை. பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் அரசாங்க மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. 1987இல் இரத்மலானையில் அரசாங்க மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்த் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அமைந்தது. மருந்தைப் பதிவு செய்ய வருபவர் அதன் உறுதிநிலைக்கான சான்றுகளையும் காட்டவேண்டும். எனினும் துறைமுகத்தில் இறங்கிய பின் லொறியிலும் களஞ்சியத்திலும் அலுமாரியிலும் அம்மருந்து எந்த வெப்பத்தில் வாழ்ந்தது என்பதை அந்தச் சான்றிதழ் சொல்லாது.

சோதனை எப்போதும் அச்சத்தையே விளைவிக்கும் என்று எண்ணவேண்டியதில்லை. அமெரிக்க இராணுவம் சேமித்து வைத்த மருந்துகளில் 122 வகைகளைச் சேர்ந்த 3,005 தொகுதிகளைத் திகதி கடந்தபின் சோதித்த கணக்கு 2006இல் வெளிவந்தது. நூற்றுக்கு 88 தொகுதிகளின் ஆயுளைக் குறைந்தது ஓராண்டாவது நீட்ட முடிந்தது. ஆனால் அவை திறக்கப்படாத உறையில், கட்டுப்படுத்திய தட்பவெப்பத்தில் இருந்தவை. சமையலறைப் பரணில் இருந்தவையல்ல. இன்சுலினைப் பற்றிய செய்தி இன்னும் ஆறுதலானது. குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலின் வைக்க முடியாது என்ற எண்ணத்தினால், வறிய நோயாளர் ஊசிக்காக நாள்தோறும் வைத்தியசாலைக்கு நடந்தனர். கென்யாவிலுள்ள தடாப் அகதி முகாமின் வீடொன்றில் வெப்பம் 25 பாகைக்கும் 37 பாகைக்கும் இடையில் ஏறி இறங்குவதை அளந்து, அதே ஏற்ற இறக்கத்தை ஆய்வுகூடத்தில் உண்டாக்கி, எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் இன்சுலினைச் சோதித்தன. 2021இல் வெளிவந்த முடிவின்படி, பயன்படுத்தத் தொடங்கிய போத்தலிலுள்ள இன்சுலின் 4 கிழமைவரை வீரியம் குன்றாமல் நின்றது. வெயில் படாத மூலையில், ஈரமண் சட்டிக்குள் வைத்தாற் போதும் என்ற நிலையில், ஒரு நோயாளி நாள்தோறும் நடக்கும் நடை மிச்சமாகின்றது. குளிர்ப்பெட்டி உள்ள வீட்டார்க்கும் இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு: உறைபனித் தட்டுக்கு அருகில் வைத்து உறைந்துபோன இன்சுலினை மீண்டும் பயன்படுத்தலாகாது.

கோயில் வீதியில் விட்டுவந்த முதியவரிடம் மீண்டும் செல்வோம். ஜீ.ரீ.என். குளிசைக்கு உரிய இடம் அது வந்த கண்ணாடிப் போத்தலே. உள்ளே பஞ்சை அடைக்கலாகாது. வேறு குளிசையைச் சேர்த்து வைக்கலாகாது. ஒவ்வொரு முறையும் மூடியை இறுகத் திருகவேண்டும். உடலோடு ஒட்டிய உட்பையைவிட, பேரப்பிள்ளை தோளில் மாட்டியிருக்கும் துணிப்பை அதற்குக் குளிர்ச்சியானது. முதியவர் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் தூரத்தில் பிள்ளை நிற்கவேண்டும் என்பது மாத்திரம் நிபந்தனை. போத்தலை முதன்முதல் திறந்த நாளை அதன் மேலே பேனையால் எழுதி வைப்பது நல்லது. திறந்து 8 கிழமையானதும், மிச்சமிருந்தாலும் அதனை நீக்கிப் புதியது வாங்கும்படி மருந்தாளர் பலர் கூறுவர். திருவிழாவின் கொடியேற்றத்தன்று திறந்த போத்தலாயின் தீர்த்தத்தன்று அது பாதி ஆயுளையே கடந்திருக்கும்.